முள்சட்டை

அந்தப் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் மண்டி போட வேண்டும். நின்றபடியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்களுக்கு அது பூவாகவே தெரியாது. யாரோ தையல் வேலை முடித்து உதறிய நூல்பிசிறு மணலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். கடலைப் பார்த்த மலைச்சரிவில், மழை பெய்து மணலில் ஈரம் ஊறியதும் முளைக்கும். தரையோடு தரையாகப் படரும். மழை நின்று வெயில் ஏறும்போது பூக்கும். கோடை வந்ததும் செத்துப்போகும். பூ ஒரு மிளகைவிடப் பெரிதில்லை. வெளிறிய ரோஜா நிறம். ஒவ்வொரு பூவும் ஒரு குட்டி முட்கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். படித்தவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மலைக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முள்ளுப்பூ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்தக் காப்பகத்தில் குழந்தைகளுக்காகப் பலகை எழுதும் வேலை அவளுக்கு. அதிகாரிகள் நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பதைப் பத்து வரியாக்கி, பெயிண்டால் எழுதி, செடிக்குப் பக்கத்தில் நட்டு வைக்க வேண்டும். எல்லாருக்கும் அவள் பலகைக்காரி. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதுவாள். முள்ளுப்பூவுக்கு அவள் எழுதியது இப்படி:

"நான் முள்ளுப்பூ. எனக்கு ஆயுசு ஒரே வருடம். பூ வாடியதும் என் கிண்ணம் காய்ந்து பழுப்பாகிவிடும். கிண்ணத்துக்கு ஒரு விதை, அவ்வளவுதான். அந்த ஒரு பிள்ளைக்கு நான் முள்சட்டை போட்டுவிடுவேன். முள் இருந்தால் யாரும் தின்ன மாட்டார்கள் இல்லையா? முயலின் ரோமத்திலோ, உங்கள் சாக்ஸிலோ தொற்றிக்கொண்டு என் பிள்ளை ஊர் பார்க்கப் போகும். பிறகு மணலுக்குள் படுத்து மழைக்குக் காத்திருக்கும். அது முளைக்கும்போது பார்க்க நான் இருக்க மாட்டேன்."

கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார் காப்பக அதிகாரி. "குழந்தைங்க அழுதுடும்மா," என்றார். "குழந்தைங்க அழாது சார், கூட வர்றவங்கதான் அழுவாங்க," என்று அவள் பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டாள்.

அதை எழுதியபோது அவளுடைய மகள் அவளோடுதான் இருந்தாள். சுண்டு என்று கூப்பிடுவார்கள். பிறந்த அன்றைக்கு அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்தவள் நர்ஸ் வந்து பிரித்தெடுக்கும்வரை விடவில்லை. அதனால் வந்த பெயர். பிறகு அவளும் சுண்டுவின் அப்பாவும் பிரிந்தார்கள். ஊரைக் கூட்டிச் சண்டை எல்லாம் இல்லை. மலையில் பள்ளிக்கூடம் இல்லை, அப்பா இருக்கும் நகரத்தில் இருந்தது. அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தையும் இருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, குழந்தைக்கு எது நல்லதோ அதைச் செய்தார்கள். நல்லதைச் செய்துவிட்டு அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முதலில் மாதம் ஒரு தடவை பார்த்தாள். அப்பாவுக்கு இன்னும் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்ததும் அதுவும் போயிற்று. இப்போது பார்த்துப் பதினோரு மாதம். சுண்டுவுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும். அந்தப் போனுக்காக ஒன்பதே காலிலிருந்து தலை வாரி, முகம் கழுவி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பாள். வெறும் போன்தான், முகமா தெரியப்போகிறது என்று கேட்டால் இன்னொரு தடவை தலை வாரிக்கொள்வாள்.

போனில் பேச என்ன இருக்கிறது? சாப்பிட்டாயா, படித்தாயா, தூங்கினாயா என்று மூன்று கேள்வி கேட்டால் சுண்டு மூன்று "ம்" கொட்டிவிட்டு, "அத்தை கூப்பிடுறாங்க" என்று ஓடிவிடுவாள். ஒரு ஞாயிறு, பேச்சை எப்படி நீட்டுவது என்று தெரியாமல் முள்ளுப்பூவைப் பற்றிச் சொன்னாள். குழந்தை போனை வைக்கவில்லை.

"முள்ளு எதுக்கு?"

"யாரும் தின்னாம இருக்கறதுக்கு. அப்புறம் முயல் மேல ஏறி ஊர் சுத்தப் போறதுக்கு."

"டிக்கெட் எடுக்காமயா?"

"எடுக்காமதான்."

"மாட்டிக்காதா?"

அன்றைக்குப் பதினேழு நிமிடம் பேசினாள் சுண்டு. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் முள்ளுப்பூதான். முளைத்துவிட்டதா? எத்தனை இலை? ராத்திரி குளிராதா? அதுக்கு அப்பா உண்டா? வாரம் முழுக்கப் பலகைக்காரி செடிப்பக்கம் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்தி சேர்த்தாள். மொட்டு விட்ட வாரம் சுண்டு, "நான் பூவைப் பாக்கணும்," என்றாள். அப்பா போனை வாங்கி, "பூத்ததும் கூட்டிட்டு வரேன். ஒரு மணி நேரம் இருக்கலாம். அந்த வழியாத்தான் எனக்கும் ஒரு வேலை இருக்கு," என்றார்.

பூத்தது. வருகிற ஞாயிறு என்றார்கள். அத்தைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு என்றார்கள். குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறு கார் படுத்துவிட்டது. ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பூ யாருக்காகவும் காத்திருக்காது. மூன்று வாரம், மிஞ்சிப்போனால் நான்கு. முதல் கிண்ணங்கள் ஓரத்தில் பழுக்க ஆரம்பித்ததை ஒரு காலையில் பார்த்தாள். வீட்டுக்குப் போய் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

இது தோட்ட வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் செய்கிற தந்திரம்தான். ஒரு வருடச் செடிக்கு விதை முற்றிவிட்டால் வந்த வேலை முடிந்தது, காய ஆரம்பித்துவிடும். வாடுகிற பூவை விதை பிடிப்பதற்கு முன்பே வெட்டிக்கொண்டிருந்தால், இன்னும் ஒரு பிள்ளையும் தேறவில்லையே என்று செடி மறுபடி மொட்டு விடும். வீட்டு வாசலில் பூந்தொட்டி வைத்திருப்பவர்கள் செய்தால் அது கெட்டிக்காரத்தனம். காப்பகத்தில் செய்தால் வேறு பெயர். ஏனென்றால் அந்தச் சரிவில் இருந்த மற்றச் செடிகளையெல்லாம் போன மழையில் மண்சரிவு வாரிக்கொண்டு போயிருந்தது. பாதையோரம் கயிறு கட்டி வைத்திருந்த அந்த நாற்பத்து மூன்று செடிகள்தான் மிச்சம். அவற்றில் விதை விழாவிட்டால் அடுத்த வருடம் பலகை மட்டும்தான் நிற்கும். இது அவளுக்குத் தெரியாதா? பலகையை எழுதியதே அவள்தானே.

தெரிந்தேதான் செய்தாள். தினமும் கதவு திறப்பதற்கு முன்னால் வந்து, மண்டி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, பழுப்பு தட்டிய ஒவ்வொரு கிண்ணத்தையும் வெட்டிக் கைக்குட்டையில் போட்டுக்கொள்வாள். இன்றைக்கு மட்டும், இந்த வாரம் மட்டும் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொள்வாள். செடிகளும் பாவம், சளைக்காமல் பூத்தன. மூன்று வாரம் போய் நான்கு, நான்கு போய் ஐந்து.

ஆறாவது வாரத்தில் விதைக்காரர் வந்தார். வருடா வருடம் கோடை தொடங்கும்போது ஒரு கட்டுக் காகிதக் கவரோடு வந்து, அழிந்துபோகக்கூடிய செடிகளிலிருந்து கொஞ்சம் விதை எடுத்துக் குளிர் அறையில் வைப்பது அவர் வேலை. மகரந்தம் ஒத்துக்கொள்ளாத உடம்பு. பூக்களுக்கு நடுவே வாழ்நாளெல்லாம் தும்மிக்கொண்டே வேலை பார்க்கிற மனிதர். தும்மலுக்குத் தும்மல் கோபம் ஏறும்.

கயிற்றைத் தாண்டிக் குனிந்தவர் ஒரு செடியைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். "என்னம்மா இது, கோடை வந்தும் கல்யாண வீடு மாதிரி பூத்து நிக்குது? முள்ளைக் காணோமே?" பூதக்கண்ணாடியை எடுத்தார். காம்புகளின் நுனி நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தது. முயல் கடித்தால் அப்படி இருக்காது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலின் வளையம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான்தான் சார்," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முதுகுவலி, காய்ச்சல், கார், எல்லாம்.

அவர் இரண்டு தடவை தும்மினார். "உங்க பொண்ணு ஒரு தடவை வந்து பாக்கறதுக்காக அடுத்த வருஷத்தையே வெட்டிட்டீங்க."

"ஆமா சார்."

"என் குளிர் அறையில இதோட விதை ஒரு சீசாவுல அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுவும் பழசு. நான் இதை எழுதி அனுப்பினா உங்க வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார்."

"என்ன எல்லாத்துக்கும் ஆமா, தெரியும்னு..." அவர் கைக்குட்டையால் மூக்கைத் தேய்த்தார். "இன்னும் பத்து நாளைக்குத்தான் மண்ணுல ஈரம் தாங்கும். இன்னையோட வெட்டறதை நிறுத்தினாக்கூட, இருக்கற பூவெல்லாம் விதை பிடிச்சுடும். நாளைக்கும் வெட்டினீங்கன்னா அவ்வளவுதான். மூணு வாரம் கழிச்சு வரேன். வந்து பாத்துட்டு எழுதறதா வேணாமான்னு முடிவு பண்றேன்." போகிறபோது திரும்பி, "எனக்கும் பிள்ளைங்க இருக்கு," என்று திட்டுகிற குரலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. இந்த ஞாயிறு முடியாதாம். அதற்கடுத்த ஞாயிறு நிச்சயமாம். பதினோரு நாள். இன்னும் இரண்டே இரண்டு நாள் காலையில் வெட்டினால் போதும், பூ அந்த ஞாயிறுவரை தாங்கிவிடும். கையால் தொட்டுவிடுகிற தூரத்தில் இருந்தது அந்த ஞாயிறு.

மறுநாள் காலை கத்தரிக்கோலோடு போய் உட்கார்ந்தாள். எதிரே அவளுடைய பலகை. அந்த ஒரு பிள்ளைக்கு நான் முள்சட்டை போட்டுவிடுவேன். அவள் எழுத்துதான், அவள் சுழித்த சுழிதான். பழுக்கத் தொடங்கிய ஒரு கிண்ணத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அவளுக்குக் குழந்தை வேண்டும் என்றிருந்தது. பூவைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் ஒரு சாக்கு. குழந்தை மண்டி போடுவாள், அவளும் பக்கத்தில் மண்டி போடுவாள், தோளோடு தோள் படும். பதினோரு மாதமாக அவள் கேட்டதெல்லாம் அந்தத் தோள்தான். அதற்காக இந்தச் செடி எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தது என்று கைக்குட்டை மடிப்பில் எண்ணிப் பார்த்தால் தெரியும். அவள் எண்ணவில்லை. எழுந்து நேராக டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனாள்.

கவுன்ட்டரில் இருக்கும் பெண் அவளுக்குப் பத்து வயது இளையவள். வாய் கொஞ்சம் நீளம். "இந்தக் கத்தரிக்கோலை நீ வெச்சுக்கோ," என்றாள் பலகைக்காரி. "நான் கேட்டாலும் குடுக்காதே."

"கேப்பியா என்ன?"

"கேப்பேன்."

மறுநாள் காலையே கேட்டாள். நகம் உடைந்துவிட்டது என்றாள். "உன் நகம் நல்லாத்தான் இருக்கு, போ அக்கா," என்று கவுன்ட்டர் பெண் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

பூக்கள் வாடின. ஒரு வாரத்தில் ரோஜா நிறம் போய், கிண்ணங்கள் பழுத்து, முட்கள் கொக்கி போல வளைந்து விறைத்தன. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைப் போனில் சுண்டு, "பூ இருக்குல்ல? நான் வர்றவரைக்கும் இருக்கும்ல?" என்று கேட்டாள். அவள், "இருக்கும்," என்றாள். இல்லை என்றால் பிறகு எதைப் பார்க்க வருவார்கள்? பொய் சொன்ன வாயைக் கையால் மூடிக்கொண்டு அன்று பகல் முழுக்கப் படுத்திருந்தாள்.

அந்த ஞாயிறு வந்தேவிட்டார்கள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இறங்கினார். பின்கதவைத் திறந்து சுண்டு இறங்கினாள். உயர்ந்திருந்தாள். முன்பல் இரண்டு விழுந்து ஒன்று பாதி முளைத்திருந்தது. பயணத்துக்காக அத்தை வாங்கிக் கொடுத்த, முழங்கால்வரை ஏறும் வெள்ளைக் கம்பளி சாக்ஸ் போட்டிருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று பலகைக்காரி கையை விரிக்கப் போனாள். குழந்தை அப்பாவின் பின்னால் பாதி மறைந்து நின்று, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். அத்தை நல்ல மரியாதை பழக்கியிருந்தாள். விரிக்கப் போன கையால் பலகைக்காரி தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

பாதையில் மூன்று பேரும் ஏறினார்கள். கயிற்றருகே வந்ததும் சுண்டு நின்றாள். எதிரே காய்ந்த மணலில், காய்ந்த முள்.

"பூ எங்க?"

"முடிஞ்சு போச்சுடா கண்ணு. போன வாரமே..."

"இருக்கும்னு சொன்னீங்களே."

"சொன்னேன். பொய் சொல்லிட்டேன். முடிஞ்சுடுச்சுன்னா நீ வராம போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

அப்பா வேறுபக்கம் கடலைப் பார்த்தார். சுண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, பெரியவர்கள் சொன்னதை இனி நம்புவதற்கில்லை, நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்பதுபோலக் கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். "அங்க போகாதே" என்று அம்மா சொல்வதற்குள் நட்டநடுவே மண்டி போட்டாயிற்று. ஒரு செடிகூட விடாமல் பூத் தேடினாள். அடுத்த நிமிடம் வீறிட்டாள்.

கம்பளி சாக்ஸ் முழுக்க முள். கணுக்காலில், கெண்டைக்காலில், முழங்காலில், ஒன்றுமேல் ஒன்றாக. முயல் கிடைக்காமல் காத்திருந்த கூட்டம் கிடைத்த வண்டியில் ஏறிக்கொண்டது. பலகைக்காரி அவளைத் தூக்கினாள். அழுகிற அவசரத்தில் குழந்தை மரியாதையை மறந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாசல்வரை இறங்கவில்லை.

"சாக்ஸைக் கழட்டிக் கடாசிட்டு வா, வண்டியில வேற இருக்கு," என்றார் அப்பா. "நேரமாச்சு."

டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னல் படாரென்று திறந்தது. "அதெல்லாம் முடியாது சார். வெளிய போறவங்க செருப்பு, துணி, எதுலயும் விதை ஒட்டியிருக்கக் கூடாது. எடுத்து உள்ளயே போட்டுட்டுத்தான் போகணும். ரூல்ஸ்." வாசலில் அதற்கென்றே ஒரு பிரஷ்ஷும் தட்டும் பெஞ்சும் உண்டு, உண்மையான சட்டம்தான். மற்ற நாட்களில் அவள் அதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தக்கூட மாட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள் பலகைக்காரி. பிரஷ் வேண்டாம், விதை நசுங்கிவிடும் என்றாள். சாக்ஸையும் கழற்றக்கூடாது, கழற்றினால் முள் உள்ளே திரும்பிக் காலைக் கிழிக்கும் என்றாள். இது பாதிதான் உண்மை. அப்பாவுக்குச் செடி விஷயம் தெரியாது. சரி என்று வண்டிப் பக்கம் போய் நின்றார்.

ஒவ்வொன்றாக எடுத்தாள். கொக்கியை நூலிலிருந்து விடுவித்து, இழுக்காமல், அறுக்காமல், கவுன்ட்டர் பெண் நீட்டிய காகிதக் கவரில் போட்டாள். கால் கனமாக இருந்தது. பதினோரு மாதத்துக்கு முன்னால் இந்தப் பாதம் அவள் உள்ளங்கைக்குள் அடங்கும்.

"மெதுவா எடும்மா, குத்துது."

"மெதுவாத்தான் எடுக்கறேன்."

"இதுக்குள்ளயா அதோட பாப்பா இருக்கு?"

"ஆமா. ஒண்ணே ஒண்ணு."

சுண்டு ஒன்றை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது முளைச்சா பூ வருமா?"

"மழை பெஞ்சா வரும்."

பிறகு சுண்டு பேச ஆரம்பித்தாள். பல் எப்படி விழுந்தது, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் எப்படி ரப்பரைத் தின்கிறாள், அத்தை தூக்கத்தில் எப்படிக் குறட்டை விடுகிறாள். போனில் சொல்லாத கதையெல்லாம் வந்தது. ஒரு சாக்ஸ் முடிந்து அடுத்த சாக்ஸ் வந்தது. வெயில் நகர்ந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போயிற்று. அவளுடைய சுண்டுவிரல் குழந்தையின் கைக்குள் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. ஒற்றைக் கையால்தான் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வண்டியின் ஹாரன் ஒருதரம் அடித்தது. "இன்னும் எத்தனை இருக்கு?" என்று அப்பா அங்கிருந்தே கேட்டார்.

பலகைக்காரி குனிந்து பார்த்தாள். கணுக்காலுக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு. இரண்டு என்று சொல்ல மனம் வரவில்லை. இந்தக் குழந்தையிடம் ஒரு பொய் சொன்னது போதும் என்று இருந்தது.

சுண்டுவும் குனிந்தாள். இரண்டு முள்ளையும் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு முழங்காலை மடக்கி அந்தக் காலைத் தன் பாவாடைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, வண்டிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"நிறைய இருக்குப்பா! இன்னும் நிறைய இருக்கு!"